வனத்தில் எழுந்த பேராலயம்: கென்டக்கியின் நெல்சன் கவுண்டி

திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. உரோமை, அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா என்று நாம் மனப்பாடம் செய்த பெயர்கள் எல்லாம் பெரும் அரசுகளின் தலைநகரங்கள். ஆயினும் மனுவுருவான வார்த்தை வளர்ந்ததோ நாசரேத்து என்னும் சிற்றூரில். அங்கிருந்து நன்மை ஏதும் வரக்கூடுமோ என்று நத்தனியேல் ஐயுற்றது போலவே, சிற்றூர்களைப் பற்றி நாமும் இன்றுவரை ஐயுற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

1808ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் மறைமாவட்டமான பால்டிமோரை உயர்மறைமாவட்டமாக்கி, அதன்கீழ் நான்கு புதிய மறைமாவட்டங்களை நிறுவினார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பார்ட்ஸ்டவுன் என்பன அவை. முதல் மூன்று பெயர்களையும் அறியாதவர் இல்லை. நான்காவது பெயரைக் கேள்வியுற்றவர் நம்முள் எத்தனை பேர்? கடற்கரைத் துறைமுக நகரங்கள் மூன்றோடு, மலைகளுக்கு அப்பால் காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த ஒரு சிற்றூரும் ஏன் ஆயரின் ஆசனமாயிற்று? இந்தக் கேள்வியோடு கென்டக்கி மாநிலத்தின் நெல்சன் கவுண்டிக்குள் நுழைவோம்.

நிலமும் நீரும்

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. நம் ஊர் வட்டத்தை ஏறக்குறைய ஒத்தது எனலாம். நெல்சன் கவுண்டியின் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். தலைமையூரான பார்ட்ஸ்டவுன், லூயிவில் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1784இல், கென்டக்கி இன்னும் வர்ஜீனியாவின் பகுதியாக இருந்த காலத்தில், இக்கவுண்டி உருவாக்கப்பட்டது. சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரும் வர்ஜீனியாவின் ஆளுநராய் இருந்தவருமான இளைய தாமஸ் நெல்சனின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. கென்டக்கி தனி மாநிலமானது 1792இல்தான்.

கவுண்டியின் வடக்கும் கிழக்கும் 'புளூகிராஸ்' எனப்படும் அலையலையான புல்வெளி நிலம். தெற்கிலும் மேற்கிலும் 'நாப்ஸ்' என்று வழங்கும் குன்றுகள் எழுகின்றன. நெற்குவியல்களை வரிசையாகக் கொட்டி வைத்தாற்போல் கூம்பு வடிவில் தனித்தனியே நிற்கும் இக்குன்றுகள், கென்டக்கியின் நடுப்பகுதியைக் குதிரை லாடம் போல் வளைத்து நிற்கின்றன. அவற்றின் சரிவுகளில் ஓக், ஹிக்கரி, மேப்பிள் மரங்கள் அடர்ந்திருப்பதால், அக்டோபர் மாதத்தில் குன்றுகள் யாவும் செம்மையும் பொன்னும் பூசிக்கொள்கின்றன. பீச் ஃபோர்க் என்னும் ஆறு கவுண்டியின் ஊடே வளைந்து சென்று ரோலிங் ஃபோர்க்கில் கலக்கிறது. அது சால்ட் ஆற்றோடும், சால்ட் ஆறு ஒஹையோவோடும் சேர்கின்றன. அந்நாளில் ஆறுகளே சாலைகள். ஆற்று வழியை அறிந்தால்தான் இம்மண்ணின் வரலாறு விளங்கும்.

நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடே கசிந்து இறங்கும்போது இரும்புச்சத்து வடிகட்டப்பட்டுச் சுண்ணச்சத்து ஏறுகிறது. அந்த நீரும் அந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளமும் சேர்ந்துதான் 'பூர்பன்' என்னும் மதுவைப் பிறப்பித்தன. பாதிக்கு மேல் மக்காச்சோளம் சேர்ந்த தானியக் கலவையை வடித்து, உட்புறம் கரியாகச் சுட்ட புதிய ஓக் பீப்பாய்களில் அடைத்து ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவது அதன் செய்முறை. சந்தைக்கு வெகுதொலைவில் வாழ்ந்த குடியானவன், சோள மூட்டையைக் கழுதை மேல் ஏற்றிச் செல்வதைவிட அதை வடித்துப் பீப்பாயில் அனுப்புவது எளிது என்று கண்டதே இத்தொழிலின் தொடக்கம். இன்று பார்ட்ஸ்டவுன் தன்னை 'உலகின் பூர்பன் தலைநகர்' என்று அழைத்துக்கொள்கிறது. குன்றுகளின் மேல் கோட்டைகள் போல் நிற்கும் பல மாடிப் பீப்பாய்க் கிடங்குகள் அவ்வூரின் அடையாளம். 1996 நவம்பர் 7ஆம் நாள் ஹெவன் ஹில் என்னும் வடிசாலையில் பற்றிய தீ ஏழு கிடங்குகளை எரித்தபோது, மது நெருப்பாறாக ஓடியது என்பர்.

மேரிலாந்திலிருந்து வந்தவர்கள்

இனி, மக்களின் கதைக்கு வருவோம். 1634இல் கால்வெர்ட் குடும்பத்தார் நிறுவிய மேரிலாந்து, கத்தோலிக்கர் அச்சமின்றி வழிபடவென்று கருதப்பட்ட குடியேற்றம். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கர் வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் பொதுவில் திருப்பலி காணவும் தடைகள் எழுந்தன. வீட்டுச் சிற்றாலயங்களில் கதவை அடைத்துக்கொண்டு மூன்று தலைமுறைகள் விசுவாசத்தைக் காத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின்னர்தான் அவர்களுக்குச் சம உரிமை கிடைத்தது. அதற்குள் புகையிலைப் பயிர் அவர்கள் நிலத்தின் சத்தை உறிஞ்சிவிட்டிருந்தது.

1785இல் மேரிலாந்தின் செயின்ட் மேரீஸ் கவுண்டியைச் சேர்ந்த அறுபது கத்தோலிக்கக் குடும்பங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒருவர் பின் ஒருவராக மேற்கே செல்வது. ஆனால் சிதறாமல் ஒரே பகுதியில் குடியேறுவது. அப்படிச் செய்தால் என்றாவது ஒரு குருவை நாம் கேட்டுப் பெறலாம் என்பது அவர்களது கணக்கு. நிலம் தேடிப் போனவர்கள் போகும் முன்பே குருவையும் நினைத்தார்கள் என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது. முதல் இருபத்தைந்து குடும்பங்கள் பேசில் ஹேடன் என்பவர் தலைமையில் புறப்பட்டன. பிட்ஸ்பர்க்கில் தட்டைப் படகுகளில் ஏறி, ஒஹையோ ஆற்றின் வழியே இறங்கி, பின்பு காட்டுத்தடம் பற்றிப் பாட்டிஞ்சர் ஓடைக்கரையை அடைந்தன. அக்காலத்து நெல்சன் கவுண்டி மிகப் பெரியது. பின்னாளில் அதிலிருந்து வாஷிங்டன் கவுண்டியும், அதிலிருந்து மேரியன் கவுண்டியும் பிரிந்தன. இம்மூன்றையும் சேர்த்தே மக்கள் 'கென்டக்கியின் புனித பூமி' என்கிறார்கள். பேசில் ஹேடனின் பெயரை இன்று ஒரு பூர்பன் புட்டியின் மேல் காணலாம். அவர் அழைத்து வந்த மக்களை யார் நினைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

1787இல் ஐரிஷ் கப்புச்சின் துறவி மாரிஸ் வீலன் அடிகள் வந்தார், 1790இல் சென்றுவிட்டார். 1792இல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. கென்டக்கியில் எழுந்த முதல் கத்தோலிக்க ஆலயம் அதுவே. 1793 மே 25ஆம் நாள் பால்டிமோரில் ஆயர் ஜான் கரோல், ஸ்டீபன் பதேன் என்னும் பிரெஞ்சு இளைஞரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். ஐக்கிய நாடுகளில் குருப்பட்டம் பெற்ற முதல் மனிதர் இவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமைக்குத் தப்பி வந்த அந்த இளங்குரு, அவ்வாண்டே கென்டக்கிக் காட்டுக்கு அனுப்பப்பட்டார். குதிரையின் முதுகே அவருக்குப் பங்கு இல்லமாயிற்று. 1805இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்லஸ் நெரிங்க்ஸ் அடிகளும், 1806இல் சாமிநாதர் சபைத் துறவியரும் வந்து சேர்ந்தனர். பதேன் அடிகள் பின்னாளில் இந்தியானாவில் வாங்கிய நிலத்தின் மீதுதான் 1842இல் நோட்ரடாம் பல்கலைக்கழகம் எழுந்தது.

ஆக, 1808இல் உரோமை தேர்ந்தெடுத்தது ஒரு பட்டணத்தை அன்று. சிதறாமல் இருப்போம் என்று உறுதிபூண்ட ஒரு சமூகத்தை. பார்ட்ஸ்டவுன் ஏன் என்ற கேள்விக்கு இதுவே விடை. ஆயரை அங்கே வரவழைத்தவர்கள் பொதுநிலையினர்.

மரக்குடிலில் ஓர் ஆயர்

பார்ட்ஸ்டவுனின் முதல் ஆயராக நியமிக்கப்பட்டவர் பெனடிக்ட் ஜோசப் ஃபிளாஜே. 1763இல் பிரான்சின் ஓவெர்ஞ் பகுதியில் பிறந்த சுல்பீசியன் சபைக் குரு. நியமனம் வந்ததும் அவர் நடுங்கினார். விடுவிக்குமாறு வேண்ட பிரான்சுக்கே கப்பலேறிப் போனார். கீழ்ப்படிய வேண்டும் என்பதே அவருடைய சபைத் தலைவரின் பதில். 1810 நவம்பர் 4ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின்னும் அவரால் உடனே புறப்பட இயலவில்லை. காரணம், வழிச்செலவுக்குப் பணமில்லை! பால்டிமோர் நண்பர்கள் திரட்டிக் கொடுத்த காசில்தான் பயணம் தொடங்கியது. 1811 ஜூன் மாதம் அவர் தம் மறைமாவட்டத்தை அடைந்தார்.

அவருக்குக் காத்திருந்த 'ஆயர் இல்லம்' பார்ட்ஸ்டவுனுக்குத் தெற்கே புனித தோமையார் பண்ணையில் நின்ற ஒரு மரக்குடில். தாமஸ் ஹவர்டு என்னும் பொதுநிலையினர் திருச்சபைக்கென்று எழுதி வைத்த நிலம் அது. ஆயரோடு வந்த ஜான் டேவிட் அடிகள் அங்கேயே குருமடத்தைத் தொடங்கினார். காலையில் மறைநூல், மாலையில் மண்வெட்டி. மாணவர்கள் தாங்களே செங்கல் சுட்டார்கள், மரம் அறுத்தார்கள். இன்று அந்த மரக்குடில் செப்பனிடப்பட்டு நிற்கிறது. அருகே 1816இல் முடிந்த புனித தோமையார் ஆலயம். பெரிய குருமடங்களில் மின்விசிறியின் கீழ் இறையியல் கற்றவர்களாகிய எங்களைப் போன்றவர்களுக்கு அக்குடில் ஒரு மௌனமான பாடம்.

அந்த ஆயரின் ஆட்சிப் பரப்போ கென்டக்கியும் டென்னசியும். அவற்றோடு ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன் முதலிய வடமேற்கு நிலங்களின் ஆன்மிகப் பொறுப்பும் அவருடையதே. ஏறத்தாழ ஒரு துணைக்கண்டம்! குதிரை மேலும் படகிலும் அவர் அதைச் சுற்றி வந்தார். பின்பு ஒவ்வொன்றாக அதைப் பகிர்ந்து கொடுத்தார். 1821இல் சின்சினாட்டி, 1833இல் டெட்ராய்ட், 1834இல் வின்சென்ஸ், 1837இல் நாஷ்வில் என்று புதிய மறைமாவட்டங்கள் பிறந்தன. தாய்மரத்தின் விழுதுகள் தனி மரங்களாயின.

இறுதியில் தாய்மரமே இடம் பெயர்ந்தது. 1841இல் ஆயரின் ஆசனம் லூயிவில் நகருக்கு மாற்றப்பட்டது. நீராவிக் கப்பல்கள் ஒஹையோ ஆற்றில் ஓடத் தொடங்கியதும் ஆற்றங்கரை லூயிவில் பெருநகராய் வளர்ந்துவிட, உள்நாட்டுப் பார்ட்ஸ்டவுன் பின்தங்கியதே இதற்குக் காரணம். வரலாற்றின் விந்தை ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1787இல் டெலவேர் ஆற்றில் நீராவிப் படகை ஓட்டிக் காட்டிய ஜான் ஃபிட்ச் என்னும் கண்டுபிடிப்பாளர், புகழும் பொருளும் கிட்டாமல் 1798இல் உயிர்நீத்தது இதே பார்ட்ஸ்டவுனில்தான். அவருடைய கல்லறை ஊரின் நடுச்சதுக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெருமையை வேறிடம் கொண்டுபோன கருவியை உருவாக்கியவரை அவ்வூர் தன் மடியிலேயே வைத்திருக்கிறது.

செங்கல்லும் மரமும்

ஆசனம் போயிற்று, ஆலயம் நின்றது. 1816 ஜூலை 16ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, 1819 ஆகஸ்டு 8ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்ட புனித சூசையப்பர் பேராலயம், அலெகனி மலைகளுக்கு மேற்கே எழுந்த முதல் கத்தோலிக்கப் பேராலயம். பால்டிமோரைச் சேர்ந்த ஜான் ராஜர்ஸ் அதன் கட்டடக் கலைஞர். மண்ணைப் பிசைந்து செங்கல் சுட்டது அங்கேயே. கல் வெட்டியது அக்கம்பக்கத்தில். முகப்பிலும் உள்ளேயும் நிற்கும் மாபெரும் தூண்களைக் காண்பவர் சலவைக்கல்லோ என்று மயங்குவர். அவை காட்டில் வெட்டிய முழு மரங்கள். கடைந்து உருட்டி, மேலே சுதை பூசியவை. கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சபையினரும் பணம் கொடுத்தனர். உள்ளே தொங்கும் ஐரோப்பிய ஓவியங்களில் சில, திருத்தந்தை பன்னிரண்டாம் சிங்கராயரும் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பும் அளித்தவை என்பது வழிவழி வரும் செய்தி. 1952இல் அவற்றுள் பல களவுபோயின, பின்பு மீட்கப்பட்டன. 2001இல் புனித இரண்டாம் யோவான் பவுல் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

சுதை பூசிய அந்தத் தூண்கள் எனக்கு ஓர் உவமையாகவே தோன்றுகின்றன. மேற்பூச்சுக்குள்ளே காட்டின் மரம் இருக்கிறது. அந்த மரத்தை வெட்டிச் சுமந்த கைகள் யாருடையவை?

எழுதப்படாத பெயர்கள்

இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த மண்ணின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. மேரிலாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் செபமாலையையும் கொண்டு வந்தன. அடிமைகளையும் கொண்டு வந்தன. தங்கள் விசுவாசத்துக்காக ஒடுக்கப்பட்டவர்கள், பிறரை ஒடுக்குவதில் முரண்பாடு காணவில்லை. குருக்களும் ஆயரும் இதற்கு விலக்கல்லர். 1812இல் இம்மண்ணில் இரண்டு பெண்துறவற சபைகள் பிறந்தன. ஒன்று, நெரிங்க்ஸ் அடிகளின் துணையோடு மேரி ரோட்ஸ் தொடங்கிய லொரேட்டோ சகோதரிகள் சபை. மற்றொன்று, டேவிட் அடிகளும் அன்னை கேத்தரின் ஸ்பால்டிங்கும் நிறுவிய நாசரேத்து பிறரன்புச் சகோதரிகள் சபை. தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது கேத்தரினுக்கு வயது பத்தொன்பது! அச்சகோதரிகள் காட்டில் பள்ளிகள் நடத்தினர். 1833இல் காலரா பரவியபோது அஞ்சாமல் நோயாளிகளைத் தொட்டுப் பேணினர், அநாதைகளை வளர்த்தனர். அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மடங்களின் வயல்களிலும் சமையற்கட்டுகளிலும் அடிமைகள் உழைத்தார்கள் என்பதும் உண்மை. பெண்கள் துறவறம் புகுந்தபோது குடும்பங்கள் சீதனமாக அடிமைகளை அனுப்பியதும் உண்டு.

1839இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். வாணிபத்தைத்தானே கண்டித்தார், உடைமையை அன்றே என்று அமெரிக்க ஆயர் பலர் பொருள் கொண்டனர். மனச்சான்றுக்கு வாய்ப்பூட்டு போட இறையியலும் பயன்படும் என்பதற்கு இது கசப்பான சான்று. உள்நாட்டுப் போர் முடிந்து 1865 டிசம்பரில் பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறிய பிறகே கென்டக்கியில் அடிமைத்தனம் ஒழிந்தது. அத்திருத்தத்துக்குக் கென்டக்கி சட்டமன்றம் தன் ஒப்புதலைத் தந்ததோ 1976இல்.

பார்ட்ஸ்டவுனின் எல்லையில் 'ஃபெடரல் ஹில்' என்னும் ரோவன் குடும்பத்து மாளிகை இருக்கிறது. ஸ்டீபன் ஃபாஸ்டர் 1853இல் வெளியிட்ட 'மை ஓல்டு கென்டக்கி ஹோம்' என்ற பாடலோடு இதைப் பொருத்திப் பேசுவர். அப்பாடல் 1928இல் மாநிலப் பாடலாயிற்று. மாளிகையைச் சூழ்ந்த பூங்காவில் ஃபாஸ்டரின் வாழ்வைச் சொல்லும் இசைநாடகம் 1959 முதல் நடைபெற்று வருகிறது. பலர் அதை வீட்டேக்கப் பாடல் என்றே எண்ணிப் பாடுகிறார்கள். உண்மையில் அது, கென்டக்கியிலிருந்து தெற்கே கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்படும் ஓர் அடிமையின் புலம்பல். கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டிய சொல்லை மாநிலச் சட்டமன்றம் 1986இல் மாற்றியது. அழும் குரலைக் கேட்காமலே அழுகையின் இசையை மட்டும் ரசிப்பது மனித இயல்பு போலும்.

எனினும் அக்குரல் அடங்கிவிடவில்லை. 1854 ஆகஸ்டு 7ஆம் நாள் பார்ட்ஸ்டவுனில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, புனித சூசையப்பர் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்ற குழந்தை ஒன்று டேனியல் ரட். அவருடைய பெற்றோர் அவ்வாலயத்திலேயே கோயில்பிள்ளைகளாய்ப் பணி செய்தவர்கள். விடுதலைக்குப் பின் ஒஹையோவுக்குச் சென்று கல்வி கற்ற டேனியல், 1886இல் 'அமெரிக்கன் கத்தோலிக் டிரிப்யூன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய கத்தோலிக்க இதழ் அது. 1889 ஜனவரியில் வாஷிங்டனில் கறுப்பினக் கத்தோலிக்கரின் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார். தம் மக்களை அடிமைகளாய் வைத்திருந்தவர்களின் திருச்சபையை அவர் உதறவில்லை. மாறாக, எல்லா இனத்தவரையும் சமமாக ஏற்கும் ஆற்றல் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உண்டு என்று எழுதியும் பேசியும் வந்தார். அது புகழ்ச்சியன்று, திருச்சபையை அதன் சொல்லுக்குப் பிணை நிற்கச் செய்த வழக்காடல். 1933இல் அவர் இறந்ததும் பார்ட்ஸ்டவுனில்தான். புனித சூசையப்பர் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

2000ஆம் யூபிலி ஆண்டில், நாசரேத்து, லொரேட்டோ, சாமிநாதர் சபைச் சகோதரிகள் மூவகையினரும் அதே புனித சூசையப்பர் ஆலயத்தில் ஒன்றுகூடினர். தங்கள் சபைகள் மனிதரை உடைமையாக வைத்திருந்த பாவத்துக்காக, ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் முன்னிலையில் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினர். அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் அங்கே இல்லை. இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் முன்னோரின் புகழைச் சொந்தமாக்கிக்கொள்பவர்கள் அவர்களது கடனையும் ஏற்கத்தான் வேண்டும் என்று அச்சகோதரிகள் உணர்ந்தனர். ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களைக் கல்லறையிலும் சாதியின் பெயரால் பிரித்து வைக்கும் ஊர்களை இன்னும் கொண்டிருக்கும் தமிழகத் திருச்சபைக்கு, அந்தத் திருவழிபாடு தொலைதேசத்துச் செய்தி அன்று.

நாசரேத்து சகோதரிகளுக்கும் நம் நாட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1947இல் அச்சபையின் சகோதரிகள் அறுவர் கென்டக்கியிலிருந்து பீகாரின் மொகாமாவுக்கு வந்தனர். 1948இல் அவர்கள் அங்கே திறந்த மருத்துவமனையின் பெயரும் நாசரேத்துதான். இன்று அச்சபையில் இந்தியப் பெண்கள் பலர் உள்ளனர்.

கெத்சமனியின் மௌனம்

பார்ட்ஸ்டவுனிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால், குன்றுகளின் அணைப்பில் கெத்சமனி ஆதீனமடம் வெண்ணிறமாய்த் தோன்றும். பிரான்சின் மெல்லரே மடத்திலிருந்து புறப்பட்ட டிராப்பிஸ்ட் துறவியர் 1848 டிசம்பர் 21ஆம் நாள் அங்கே வந்து சேர்ந்தனர். லொரேட்டோ சகோதரிகளிடமிருந்து வாங்கிய நிலம் அது. 1851இல் மடம் ஆதீன நிலை பெற்றது. 1866இல் கோவில் அர்ச்சிக்கப்பட்டது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி செபமும் உழைப்பும் மௌனமும் அங்கே வாழ்வு. விடியுமுன் திருப்புகழ்மாலை எழுகிறது. பாலாடைக்கட்டியும் பழக் கேக்கும் செய்து விற்றுத் துறவியர் பிழைத்து வந்திருக்கின்றனர். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது ஒழுங்கின் கட்டளை என்பதால், தியானத்துக்கு வருவோரை மடம் தொடக்க காலம் முதலே வரவேற்று வந்துள்ளது.

1941 டிசம்பர் 10ஆம் நாள் இம்மடத்தின் வாயிலில் வந்து நின்றவர் தாமஸ் மெர்ட்டன். 1915இல் பிரான்சில் பிறந்து, தாய் தந்தையரை இழந்து, நியூயார்க்கில் கல்வி கற்று, இளமையின் அலைச்சலுக்குப் பின் கத்தோலிக்கரானவர். 1948இல் வெளிவந்த 'செவன் ஸ்டோரி மவுண்டன்' என்னும் அவருடைய தன்வரலாறு பல இலட்சம் படிகள் விற்றது. உலகை விட்டு ஓடி வந்தவராய்த் தம்மைக் கருதிய அவர், மௌனத்தில் வளர வளர உலகையே நெஞ்சில் சுமந்தார். 1958 மார்ச் 18ஆம் நாள் லூயிவில் நகரின் ஒரு தெருமுனையில் நின்றிருந்தபோது, கடந்துசெல்லும் முன்பின் அறியா மக்கள் அனைவரும் தம்மவர்களே என்ற பேருணர்வு அவரை ஆட்கொண்டது. அதன் பிறகு அணு ஆயுதத்துக்கும் இனவெறிக்கும் எதிராக அவர் பேனா ஓயவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கெத்சமனிக்கு வந்து தியானத்தில் தங்குவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் மெர்ட்டன் ஆசியாவுக்குப் பயணமானார். தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்தார். நவம்பரில் சென்னைக்கு வந்தார். மாமல்லபுரத்துக் கற்கோவில்களைக் கண்டார். இலங்கையில் பொலன்னறுவையின் புத்தர் சிலைகள் முன் நின்றார். டிசம்பர் 10ஆம் நாள், மடத்தில் சேர்ந்து சரியாக இருபத்தேழு ஆண்டுகள் நிறைந்த அன்று, பாங்காக் அருகே மின்சாரம் தாக்கி உயிர் துறந்தார். போரை எதிர்த்த அந்தத் துறவியின் உடல், வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களின் உடல்களோடு இராணுவ விமானத்திலேயே தாயகம் திரும்பியது. கெத்சமனிக் கல்லறையில் மற்ற துறவியருக்கு உள்ளது போன்ற சிறு வெண்சிலுவைதான் அவருக்கும். 'லூயி' என்ற துறவுப் பெயர் அதில் இருக்கிறது. 1996 ஜூலையில் பௌத்தத் துறவியரும் கிறிஸ்தவத் துறவியரும் கெத்சமனியில் கூடி உரையாடினர். தலாய் லாமாவும் வந்திருந்தார். 2015 செப்டம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது நினைவுகூர்ந்த நான்கு அமெரிக்கர்களுள் மெர்ட்டன் ஒருவர். மற்ற மூவர் ஆபிரகாம் லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், டாரதி டே. அந்த லிங்கன் பிறந்த ஊரும் நெல்சனை அடுத்துள்ள கவுண்டியில்தான் இருக்கிறது.

காணச் செல்வோர்க்கு

இன்று நெல்சன் கவுண்டிக்கு வருவோரில் பெரும்பாலோர் வடிசாலைகளைக் காணவே வருகின்றனர். 1929இல் ஐசக் பெர்ன்ஹைம் என்னும் யூத வணிகர் மக்களுக்கென்று அளித்த பெருவனத்தின் ஒரு பகுதியும் இக்கவுண்டிக்குள் வருகிறது. செங்கல் வீடுகளும் பழைய சத்திரமும் 1892ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டடமும் பார்ட்ஸ்டவுனுக்கு அழகு சேர்க்கின்றன. ஆனால் விசுவாசக் கண்கொண்டு செல்பவர் வேறொரு வழியைப் பின்பற்றலாம். தோமையார் பண்ணையின் மரக்குடில், சூசையப்பர் ஆலயத்தின் தூண்கள், டேனியல் ரட்டின் கல்லறை, அன்னை கேத்தரின் துயிலும் நாசரேத்து, இறுதியாகக் கெத்சமனி. ஒரே நாளில் காரில் முடித்துவிடக்கூடிய சுற்று. சிந்திக்கவோ நெடுநாள் ஆகும்.

பாஸ்டனும் நியூயார்க்கும் பிலடெல்பியாவும் வளர்ந்து உயர்மறைமாவட்டங்கள் ஆயின. பார்ட்ஸ்டவுனோ பிள்ளைகளைப் பெற்று, தன்னிடம் இருந்ததைப் பகிர்ந்து கொடுத்து, ஈற்றில் தன் ஆசனத்தையும் இழந்து சிறிய பங்காக நிற்கிறது. உலகம் இதைத் தோல்வி என்னும். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நம்புகிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதே வேளையில், அந்த மணி விழுந்த நிலத்தை வியர்வையும் கண்ணீரும் சிந்தி உழுதவர்கள் யார் என்று கேட்பதும் விசுவாசத்தின் பகுதியே. அக்கேள்வியை அந்தச் சிற்றூர் தன் ஆலயத்துக்குள்ளேயே கேட்டது. தலைகுனிந்து விடையும் சொன்னது.

நம் பங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. நூற்றாண்டு விழா மலர்களில் ஆலயத்தைக் கட்டிய குருவின் பெயரும், மணி வாங்கித் தந்தவரின் பெயரும் இருக்கும். கல் சுமந்தவர்களின் பெயர்களும், கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களும் இராது. அடுத்த மலரை எழுத அமர்பவர்கள், ஊரின் முதியவர்களிடம் அந்தப் பெயர்களையும் கேட்டு எழுதட்டும். வானகத்தில் வாழ்வின் நூலில் அவை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.